தாண்டி வாசித்த வரி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தோம். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்களுக்கு அடுத்த தெரு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று வருடமாக இங்கே குடியிருக்கும் குடும்பம். மகன் காக்கநாட்டில் கம்பெனிக் கட்டடங்களுக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை எடுத்துச் செய்கிறான். மருமகளுக்கு ஏழாம் மாதம். மாமியார் பாண்டியம்மாள் — வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியின் வாசகி.

வாசகி என்றால் சும்மா புரட்டுகிறவர் இல்லை. நான் பல் பிடுங்கிக்கொண்டது, படகுத்துறையில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தது, செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனது... எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஊரில் இருக்கும்போதே படிக்க ஆரம்பித்தவர். எனக்கே மறந்துபோனதை எடுத்துக் கொடுப்பார். எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன ஞாயிறு பதினோரு மணி வரைக்கும்.

வளைகாப்பில் ஆண்களுக்கு என்ன வேலை? வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பாடு எப்போது என்று காத்திருப்பதுதான். நானும் உட்கார்ந்திருந்தேன். கதவு விரியத் திறந்திருந்ததால் உள்ளே நடப்பது தெரிந்தது.

கர்ப்பிணிப் பெண் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி, காலியாக. வளைகாப்பு பார்த்தவர்களுக்கு அது யாருக்கென்று தெரியும். கல்யாணமாகிக் குழந்தை இல்லாத ஒரு பெண்ணை அதில் உட்கார வைத்து, அவளுக்கும் சந்தனம் பூசி, வளையல் போடுவார்கள். கர்ப்பிணியின் ராசி அவளுக்கும் வரட்டும் என்று. நல்ல எண்ணம்தான். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

பாண்டியம்மாள் நேரே என் மனைவி லதிகாவிடம் வந்தார்.

"மதினி, வாங்க. நீங்கதேன் உக்காரணும்."

"நானா? எனக்கு நாப்பத்திமூணு வயசாச்சு சேச்சி."

"அதுக்கென்ன? எங்கூர்ல நாப்பத்தஞ்சுல பெத்தவுக இருக்காக. அண்ணன் எழுதுனதப் படிச்சப்பவே நெனச்சுக்கிட்டேன். எங்க வீட்டுல ஒரு விசேஷம் வந்தா மதினியத்தேன் உக்கார வைக்கணும்னு."

உள்ளே சுவரோரம் இருந்த ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் ரகசியம் பேசினார். வாசல் வரை கேட்கிற ரகசியம். "அவருக்கு மூத்த சம்சாரத்துல ரெண்டு பிள்ளைக இருக்குல்ல? அப்பக் கொற இந்தம்மாவுக்குத்தேன்."

"ஆமா. அண்ணனே எழுதியிருக்காரே," என்றார் பாண்டியம்மாள். அத்தனை இரக்கம் அந்தக் குரலில்.

லதிகா கதவு வழியாக என்னைப் பார்த்தாள். அரை நொடி இருக்கும். பிறகு "சாரமில்லை சேச்சி" என்று சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

சாரமில்லை என்பது மலையாளம். பரவாயில்லை என்று அர்த்தம். லதிகாவின் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். பால் பொங்கி வழிந்தாலும் அவளுக்குச் சாரமில்லைதான், கரண்ட் போனாலும் சாரமில்லைதான்.

கைக்கு ஏழு வளையல். பச்சையும் சிவப்பும். நான் எழுந்து உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னேனா? புளியோதரையும் எலுமிச்சை சாதமும் இலையில் விழுந்தன. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அப்பளம் வேறு இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். வெட்கம் கெட்ட வயிறு.

என்ன வார்த்தை என்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

பதினோரு வருடமாக வாராவாரம் உங்களோடு பேசுகிறேன். நான் மறைத்தது எதுவுமே இல்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். முதல் கல்யாணம் முறிந்ததை எழுதினேன். பிள்ளைகள் இரண்டு பேரும் அவர்கள் அம்மாவோடு கோவையில் இருப்பதை எழுதினேன். என் நாற்பத்துமூன்றாவது வயதில் லதிகாவைக் கட்டியதை எழுதினேன், நீங்களும் மனசார வாழ்த்தினீர்கள். ஒன்றே ஒன்றை மட்டும் எழுதவில்லை.

முப்பத்திரண்டு வயதில் நான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவன்.

முதல் மனைவிக்கு இரண்டாவது பிரசவம் உயிர் போய் உயிர் வந்த கதை. இனி வேண்டவே வேண்டாம் என்றார் டாக்டர். பட்ட கஷ்டம் போதாதென்று அவளையே மறுபடி ஆபரேஷன் மேஜையில் படுக்க வைப்பதா? நான் செய்துகொள்கிறேன் என்று போனேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் லீவு, அவ்வளவுதான். ஆபீஸில் கேலி செய்தார்கள். செய்யட்டுமே... நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன். கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

லதிகாவைப் பெண் பார்க்கப் போனபோது நான் பேசிய முதல் பேச்சே இதுதான். "இப்படி ஒரு ஆபரேஷன் ஆகியிருக்கு. மறுபடி சேர்க்கலாம்னு சொல்றாங்க. சேரலாம், சேராமலும் போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப்போனவள். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "நோக்காம்," என்றாள். பார்க்கலாம் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லில் எங்கள் கல்யாணம் முடிவானது.

மறுவருடம் அந்த ஆபரேஷனும் நடந்தது. வெட்டிவிட்ட குழாய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து ஒட்டித் தைக்கிற வேலை. வெட்ட அரை மணி, சேர்க்க மூன்று மணி நேரம். டாக்டர் நல்ல மனிதர், ஆசை காட்டிப் பேசவில்லை. "பன்னிரண்டு கொல்லம் ஆயி. வருஷம் கூடக்கூட சான்ஸ் குறையும். நோக்காம்," என்றார். கொல்லம் என்றால் வருடம். அவரும் நோக்காம்.

லதிகா செவ்வாய்க்கிழமை விரதம் ஆரம்பித்தாள். தன் உடம்புக்காக இல்லை, என் ஆபரேஷன் பலிக்க வேண்டும் என்று.

மூன்றாம் மாதம் டெஸ்ட். ஆறாம் மாதம் டெஸ்ட். ஒரு வருடம் கழித்துக் கடைசி டெஸ்ட். எர்ணாகுளத்தில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ரயிலேறி ஆலுவா போய், முன்பின் தெரியாத ஒரு லேபில் கொடுத்தேன். ஆபரேஷன் செய்துகொண்டதை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவன்தான் நான். இப்போது ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவோடு ஊர் விட்டு ஊர் போனேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். மிளகு ஏற்றுமதி கம்பெனியில் தரம் பார்க்கிறவன். மூட்டையில் குழாயைக் குத்தி ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, கடித்துப் பார்த்துச் சொல்வேன். ஈரம் அதிகம், பொக்கு அதிகம், திருப்பி அனுப்பு. யார் முகத்துக்காகவும் மாற்றிச் சொன்னது கிடையாது. அன்றைக்கு லேபில் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். உயிரணு பூஜ்யம் என்றிருந்தது. மூன்று தடவையும் அதே பூஜ்யம்தான்.

ஆலுவா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு ரயிலை விட்டேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இரண்டு பிள்ளை பெற்றவன் நான், இந்தப் பூஜ்யம் எப்படி என்னுடையதாகும்? யார் டப்பாவோடோ மாறிப்போயிருக்கும்... இப்படியெல்லாம் ஓடியது புத்தி. படித்தவன், நாலு பேருக்குப் புத்தி சொல்லி எழுதுகிறவன்.

வீட்டுக்கு வந்து தாளை லதிகாவிடம் கொடுத்தேன். பார்த்தாள். சாரமில்லை என்றாள். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அன்று செவ்வாய்க்கிழமை. பட்டினி கிடக்க வேண்டியவள் கப்பைக்கிழங்கு வேகவைத்து, மீன் கறி வைத்து, எனக்கும் போட்டுத் தானும் தட்டில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். விரதம் முடிந்தது என்று வாயால் சொல்லவில்லை.

மறுநாள் பத்தி அனுப்ப வேண்டிய நாள்.

வேறு எதுவும் எழுத ஓடவில்லை. லதிகாவின் விரதத்தைப் பற்றி எழுதினேன். குழந்தைக்காக ஒரு பெண் வயிற்றைக் காயப்போடுவதை உருகி உருகி எழுதினேன். நடுவில் ஒரு வரி வந்தது. 'என் மனைவியின் உடம்பில் ஏதோ குறை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.'

வந்தது என்கிறேன், பாருங்கள். வரி தானாக நடந்து வருமா? நான்தான் எழுதினேன். இரண்டு தடவை அடித்தேன். மூன்றாவது தடவை அடிக்காமல் விட்டேன். மிளகுக்கு ஒருநாளும் பொய் ரிப்போர்ட் எழுதாதவன், என் மனைவிக்கு எழுதினேன்.

அவள் படிக்கமாட்டாள் என்கிற தைரியம். லதிகாவுக்கு அப்போது தமிழ் பேச வரும், படிக்க வராது. பத்திரிகை வந்ததும் நான்தான் வாசித்துக் காட்டுவேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள். அந்த வாரமும் வாசித்தேன். அந்த வரி வந்தது... தாண்டிவிட்டேன். ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு செருமல் இல்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

"நல்லா இருக்கு," என்றாள். கண் கலங்கியிருந்தது.

அதற்குப் பிறகு இன்னொரு வழியும் ஒரே ஒரு தடவை பார்த்தோம். என்னிடமிருந்து ஊசியால் எடுத்து, வெளியே கருவாக்கி உள்ளே வைக்கிற முறை. குறை எனக்கு. வயிற்றில் நாள் தவறாமல் ஊசி போட்டுக்கொண்டது அவள். கரு நிற்கவில்லை. மறுபடி முயலலாமா என்று டாக்டர் கேட்டபோது "மதி" என்றாள். போதும் என்று அர்த்தம். நான் எதிர்த்துப் பேசவில்லை. பேச எனக்கு என்ன யோக்கியதை? தத்தெடுக்கலாமே என்று தயவுசெய்து எழுதாதீர்கள், அது வேறு பேச்சு.

அந்த விரதக் கட்டுரைக்கு வந்த மாதிரிக் கடிதங்கள் வேறு எதற்கும் வந்ததில்லை. பத்திரிகையிலிருந்து கட்டாக அனுப்புவார்கள். தபால் பகலில் வரும், நான் வேலையில் இருப்பேன். லதிகா வீட்டிலேயே நைட்டி தைத்துக் கொடுக்கிறவள், அவள்தான் வாங்கி வைப்பாள். என் பெயருக்கு வந்தவை மேஜையில் இருக்கும். அவள் பெயருக்கு வந்ததை அவள் எடுத்துக்கொள்வாள். சாமி அலமாரியில் திடீர் திடீரென்று விபூதிப் பொட்டலங்களும் மஞ்சள் கயிறுகளும் முளைத்தன. கடிதங்களை என்ன செய்தாள்? கேட்கவில்லை. படித்துக் காட்டச் சொல்லி ஏன் என்னிடம் கொண்டுவரவில்லை? அதையும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வளைகாப்பு வீட்டிலிருந்து நடந்தே திரும்பினோம். சுக்கு மூட்டைக் கிடங்குகள் எல்லாம் ஞாயிறு லீவு, தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வளையல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது.

"கழட்டிடேன்," என்றேன்.

"நாளைக்குக் கழத்தறேன். இன்னிக்கே கழத்தினா அந்தப் பொண்ணுக்கு நல்லதில்லையாம்."

கொஞ்ச தூரம் போனோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அந்தம்மா... நான் என்னவோ எழுதினதாச் சொன்னாங்களே?" என்று ஆழம் பார்த்தேன்.

"எழுதினீங்கல்ல. என் உடம்புல கொறைன்னு."

நின்றுவிட்டேன்.

"யாரு சொன்னா உனக்கு?"

"ஆரும் சொல்லல. நானே வாயிச்சேன்." வாசித்தேன் என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள்.

"உனக்குத்தான் தமிழ் வாசிக்க வராதே."

"ஆறு வருஷமா வருது. நீங்க கேக்கவேயில்ல."

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குக்கர் பெட்டியை இழுத்தாள். உள்ளே குக்கர் இல்லை, கடிதங்கள். ஊர் வாரியாகப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். தரையில் உட்கார்ந்துகொண்டு, துணி தைக்கிற மாதிரி நிதானமாக, அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"மொதல் கட்டு வந்தப்போ பாதிக்கு மேல என் பேருக்கு. என் பேரு மட்டும் அப்பவே எழுத்துக் கூட்டத் தெரியும். என் பேருக்கு அதுக்கு முன்னாடி ஒரு லெட்டரும் வந்ததில்ல. உங்ககிட்டக் குடுத்து வாயிக்கச் சொல்லாம்னுதான் வச்சிருந்தேன். அப்புறம் தோணிச்சு, எனக்கு வந்தது நானே வாயிக்கணும்னு. பாதி எழுத்து மலையாளம் மாதிரியேதானே இருக்கு. மீதிக்கு உங்க பத்திரிகையை எடுத்து வச்சுக்கிட்டேன். நீங்க வாயிச்சுக் காட்டினது எனக்கு ஓர்மை இருக்கும். அதைச் சொல்லிக்கிட்டே விரலை வச்சுப் பாத்தா, எந்த எழுத்து என்னன்னு தெரிஞ்சிரும்."

"எந்தக் கட்டுரை?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"அந்த விரதக் கட்டுரைதான். என்னைப் பத்தி எழுதினதாச்சே, முழுக்க மனசுல இருந்துச்சு. பாதி வரை சரியா வந்துச்சு. பின்ன ஒரு வரி... அது நான் கேட்ட ஓர்மையே இல்ல. எனக்குத்தான் எழுத்து தெரியலேன்னு நெனச்சேன். தப்பா வாயிக்கிறேன்னு நெனச்சேன். ரெண்டு நாள் அந்த ஒரு வரியிலயே இருந்தேன்."

இரண்டு நாள். என் மனைவி தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டது அந்த வரியில்.

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே லதிகா?"

"என்னன்னு கேக்க? நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். ஒரு வாரம் பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். பின்ன அப்படியே போச்சு." வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். "ஊர்கிட்டப் பொய் சொன்னீங்க, அது போட்டும். ஆம்பிளைக்குச் சொல்ல நாணம் இருக்கும், எனக்குப் புரியுது. எனக்கு வாயிச்சுக் காட்டறப்போ தாண்டினீங்கல்ல? அதுதான்."

நான் ஸாரி என்றேன். அவள் சாரமில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

கடிதங்களுக்கெல்லாம் அவள் பதில் போட்டிருக்கிறாள். இதைப் படிக்கிற உங்களில் சிலரிடம் அந்தத் தபால் கார்டு இருக்கக்கூடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதிய மாதிரி எழுத்து. 'உங்கள் அன்புக்கு நன்றி. நான் சுகமாக இருக்கிறேன்.' மரியாதைக்கு எழுதியது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அதுதான் அவளுடைய மெடிக்கல் ரிப்போர்ட். உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறாள். புருஷனைக் காட்டிக்கொடுக்காமலும் பொய் சொல்லாமலும் இரண்டே வரி. எழுத்தாளன் என்று பெயர் எடுத்த எனக்கு இது முடியவில்லை.

"ஒரே ஒரு லெட்டருக்குத்தான் பதில் போடல," என்று பெட்டியின் அடியிலிருந்து ஒரு நீல நிற இன்லேண்டை எடுத்தாள். "நாலு வருஷமாச்சு. என்ன எழுதறதுன்னு தெரியல."

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு பெண். பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். கல்யாணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. அவள் எல்லா டெஸ்டும் எடுத்துக்கொண்டாளாம், ஒன்றும் இல்லை என்றார்களாம். கணவர் போகமாட்டேன் என்கிறாராம். மேலே அவள் எழுதியது இது:

'என் மாமியார் உங்கள் வீட்டுக்காரர் எழுதியதைக் கத்தரித்து வைத்திருக்கிறார் அக்கா. எழுதுகிற பெரிய மனுஷன் வீட்டிலேயே பொம்பளைக்குத்தான் குறை, அவரே ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறார், நீ என் மகனை டெஸ்டுக்குக் கூப்பிடுகிறாயா என்று எடுத்து எடுத்துக் காட்டுகிறார். உங்களுக்கு என்ன குறை என்று டாக்டர் சொன்னார்? எனக்கும் அதுவாக இருக்குமோ என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.'

இன்லேண்டை மறுபடி முதலிலிருந்து படித்தேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய ஒரு வரி, என் வீட்டோடு நின்றுவிட்டது என்றல்லவா நினைத்திருந்தேன்? யாரோ ஒரு வீட்டில் அதைக் கத்தரித்து வைத்து, ஒரு பெண்ணின் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இதுக்கு நான் என்ன எழுத?" என்றாள் லதிகா. "எனக்குக் கொறை இல்லேன்னு எழுதினா உங்களைக் காட்டிக் குடுக்கணும். இருக்குன்னு எழுதினா அந்தக் குட்டி இல்லாத சூக்கேட்டுக்கு மருந்து தின்னும். நீங்க எழுதுங்க. நீங்க எழுதினதுக்கு வந்த லெட்டர்தானே." சூக்கேடு என்றால் நோய்.

"சரி, அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கே விவரமா ஒரு லெட்டர் போட்டுடறேன்," என்றேன். தப்பிக்கிற வழி ஒன்று கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

"அவளுக்கு மட்டும் போட்டா போராது. அந்த மாமியார் வாயிக்கிறது உங்க பத்திரிகையைத்தானே?"

தாளை எடுத்துக்கொண்டு மேஜையில் போய் உட்கார்ந்தேன்.

ஆக, இது உங்களுக்கு எழுதுகிற பத்தி இல்லை. நாலு வருடம் தாமதமாக ஒரு இன்லேண்டுக்கு எழுதுகிற பதில். தங்கச்சி, நீ எங்கே இருக்கிறாய், எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. லதிகாவின் உடம்பில் ஒரு குறையும் இல்லை. டாக்டர் எந்த நாளிலும் அப்படிச் சொல்லவில்லை. குறை எனக்கு. நான் வெட்டிக்கொண்டது மறுபடி சேரவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு அவள் தலையில் போட்டேன். அது உன் தலையிலும் விழும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேனோ என்னவோ, அதுதான் பயமாக இருக்கிறது.

யோசித்துப் பார்க்கிறேன். பிள்ளை போதும் என்று நானே போய் நிறுத்திக்கொண்டபோது ஊரெல்லாம் சொன்னேன். பிள்ளை வேண்டும் என்று கேட்டு, உடம்பு மாட்டேன் என்றபோது மட்டும் வாயே திறக்கவில்லை. இரண்டும் ஒரே உடம்பு, ஒரே இடம். நம் இஷ்டப்படி நடந்தால் அது ஆண்பிள்ளையின் தைரியம், நடக்காவிட்டால் அது பெண்டாட்டியின் உடம்பு. நாம் எல்லோருமே இப்படித்தானா?

இரண்டு பிள்ளை பெற்றவனுக்கு எப்படிக் குறை வரும் என்று கேட்கிறவர்களுக்கு: வரும். என்னைப் பாருங்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்ள நினைக்கிற ஆண்களுக்கு: தாராளமாகச் செய்துகொள்ளுங்கள், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. வேண்டுமென்றால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம் என்கிற நினைப்பில் மட்டும் போகாதீர்கள். குழந்தை தாமதமாகிற வீடுகளில் இருக்கிற ஆண்களுக்கு: முதலில் நீங்கள் போய் டெஸ்ட் எடுங்கள். ஆலுவா வரை போக வேண்டியதில்லை, பக்கத்திலேயே எடுப்பார்கள்.

பாண்டியம்மாளும் இதைப் படிப்பார். படிக்கட்டும். அடுத்த விசேஷத்தில் அந்த இரண்டாவது நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும். என்னைத்தான் என்றால் வருகிறேன், வளையல்தான் கையில் ஏறாது.

எழுதி முடித்ததும் லதிகாவிடம் கொடுத்தேன். இந்தத் தடவை அவள் வாசித்தாள், நான் காய் நறுக்கினேன். விரலை வைத்து, எழுத்தெழுத்தாக, சத்தமாக. ஒரு வரிகூடத் தாண்டவில்லை. ஓரிடத்தில் மட்டும் நின்றாள். அவளைப் பொறுமைசாலி என்று எழுதியிருந்தேன்.

"இது வேண்டா, வெட்டுங்க. நான் பொறுமையா இருந்தேன்னு ஆரு சொன்னா? எனக்குத் தேஷ்யம் இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

தேஷ்யம் என்றால் கோபம். வெட்டிவிட்டேன்.

"அனுப்பட்டுமா?"

தாள்களை எண்ணிப் பார்த்தாள். "இவ்வளவு நீளமா எழுதினா அந்த மாமியார் முழுக்க வாயிக்கமாட்டாங்க. பேப்பர்ல தப்பு வந்தா அடியில சின்னதா ஒண்ணு போடுவாங்கல்ல? அதையும் போடுங்க. கத்தரிச்சு வைக்கச் சௌகரியமா இருக்கும்."

திருத்தம்: ஆறு வருடங்களுக்கு முன் இந்தப் பத்தியில் 'என் மனைவியின் உடம்பில் ஏதோ குறை என்று டாக்டர் சொல்லிவிட்டார்' என்று வெளியாகியிருந்தது. அதை 'என் உடம்பில்' என்று திருத்தி வாசிக்கவும்.